புதிய பதிப்புக்கு ஒரு பூர்வாங்கப் பரீட்சை

செஞ்சியில் சிறு கணினிப் பயிற்சி நிலையம் நடத்துகிறேன். ஜாவா நிரலெழுதும் மென்பொருளான நெட்பீன்ஸின் புதிய பதிப்பை எல்லா இயந்திரங்களிலும் ஏற்றுமுன் எதையெதைச் சோதிப்பது?

உங்கள் ஊர் ராஜகிரிக் கோட்டையின் ஒவ்வொரு கல்லையும் தட்டிப் பார்க்க வேண்டியதில்லை. வாயிற்கதவுகள் திறந்து மூடுகின்றனவா என்று பார்த்தால் போதும். பழைய பதிப்பை நீக்காமல், ஒரே ஓர் இயந்திரத்தில் புதியதை நிறுவி, முந்தைய அமைப்புகளை எடுத்துக்கொள்ளட்டுமா என்று அது கேட்கையில் முதல் தடவை மறுத்துவிட்டு, சிறு ஜாவா நிரல் ஒன்றை எழுதி, வேண்டுமென்றே ஓர் அரைப்புள்ளியை விட்டுச் சிவப்புக் குறி தோன்றுகிறதா என்று கவனித்து, பின்னர் திருத்தி இயக்கி, நடுவரியில் நிறுத்தி மாறிகளின் மதிப்பைக் காண முடிகிறதா என்பதையும் நிச்சயம் செய்துகொள்ளுங்கள். அடுத்து, மாணவர்களுடைய பழைய திட்டம் ஒன்றின் பிரதியை (மூலத்தையல்ல!) திறந்து முழுவதும் தொகுத்துப் பாருங்கள்.

நமக்கென்று விசேஷமான பரீட்சை ஒன்றுண்டு: ‘செஞ்சி’ என்று அச்சிடச் சொல்லுங்கள். 2022இல் வெளியான ஜாவா 18 முதல் யுடிஎஃப்-8 இயல்பான குறியாக்கமாக இருப்பினும், விண்டோஸில் நிரலின் வெளியீடு தனி வழியில் செல்வதுண்டாகையால், எழுத்துகள் கேள்விக்குறிகளாய் மாறினால், 1996இல் பிராகா மாணவர்களின் திட்டமாகப் பிறந்த அப்பாவி நெட்பீன்ஸைச் சபிக்குமுன் குறியாக்க அமைப்பைச் சரிபாருங்கள்.

ஏறத்தாழ மூன்று மாதத்துக்கொரு பதிப்பு வருகிறது. அத்தனையையும் துரத்துவது வியர்த்தம். கோடை விடுமுறையில் ஒருமுறை மாற்றுங்கள். செய்முறைத் தேர்வு வாரத்தில் மட்டும் தயவுசெய்து கைவைக்காதீர்கள்.