கேரவனில் ஜெனரேட்டர் வைக்கப்போகும் தம்பிக்கு

டிராவலர் வண்டியைப் பட்டறையில் விட்டாச்சு, படுக்கை, அடுப்பு, ஏ.சி. எல்லாம் முடிவாகிவிட்டது, பின்பக்க டிக்கியில் ஒரு ஜெனரேட்டரையும் வைத்துவிடலாம் என்று நீ சொன்னதிலிருந்து எனக்கு அது ஒன்றுதான் கவலை. மற்ற வேலையில் குறை இருந்தால் பிறகு சரிசெய்துகொள்ளலாம் தம்பி. இதில் அந்த அவகாசம் கிடைக்காது.

2024 டிசம்பரில் கேரளாவின் வடகரையில் சாலையோரம் நின்ற கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். வண்டியில் ஏ.சி. ஓட ஜெனரேட்டர் போட்டிருந்தார்கள். அதிலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடு வண்டித் தளத்தில் இருந்த ஓட்டை வழியாக உள்ளே ஏறியிருக்கிறது. அந்த வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தை அதைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். தூக்கத்தில் இருப்பவருக்கு மூச்சுத் திணறுவதுகூடத் தெரியாது.

அதனால் பட்டறையில் முதலில் சொல்ல வேண்டியது இதுதான்: ஜெனரேட்டர் பெட்டி வண்டியோடு இருந்தாலும் வண்டிக்குள் சேர்ந்ததில்லை. அதன் கதவு வெளிப்பக்கம் மட்டுமே திறக்க வேண்டும். படுக்கைப் பக்கத்துச் சுவர், மேல்தட்டு, ஓரங்கள் எல்லாவற்றையும் ஜி.ஐ. தகட்டால் மூடி, இணைப்புகளில் சூடு தாங்கும் சீலன்ட் வைக்கச் சொல். வெறும் பிளைவுட் போதாது. அது நாளடைவில் காய்ந்து விரியும், தீயும் பிடிக்கும். ஒயர் போகிற ஓட்டையைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். எலக்ட்ரீஷியன் டிரில் போட்டு ஒயரை இழுத்துவிட்டு, சுற்றி இருக்கும் விரல்கடை இடைவெளியை அப்படியே விட்டுவிட்டுப் போவார். பிறகு அதன்மேல் மெத்தைப் பலகை வந்து மூடிக்கொள்ளும்.

வேலை முடிந்த அன்று இருட்டின பிறகு பட்டறைக்குப் போ. படுக்கைப் பலகையைத் தூக்கிவிட்டு நீ உள்ளே உட்கார். எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, ஒரு ஆளை வெளியிலிருந்து ஜெனரேட்டர் பெட்டிக்குள் டார்ச் அடிக்கச் சொல். ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் சாக்பீஸால் வட்டம் போட்டு வை. அவற்றை அடைத்த பிறகு பெட்டிக்குள் ஊதுபத்திக் கட்டைக் கொளுத்தி வைத்துக் கதவைச் சாத்து. உள்ளே மணம் வந்தால் இன்னும் எங்கோ வழி இருக்கிறது, வண்டியை எடுத்துக்கொண்டு வராதே. எரிபொருள் நிரப்புவதற்கு முன்பே இந்தச் சோதனையை முடித்துவிட வேண்டும்.

கல்யாண மண்டபத்தில் வெளியே வைத்து ஓட்டுகிற கையடக்க பெட்ரோல் ஜெனரேட்டரை இந்தப் பெட்டிக்குள் திணிக்க நினைக்காதே. அது திறந்தவெளிக்கென்று செய்தது. மூடிய இடத்தில் தன் சூட்டிலேயே வெந்துவிடும். வண்டிக்குள் பொருத்தவென்றே வருகிற மாடலை வாங்கு. காற்று உள்ளே வர எவ்வளவு திறப்பு, சுற்றிலும் எத்தனை அங்குல இடம் என்று அதன் மேனுவலில் இருக்கும். அதில் ஒரு அங்குலம்கூட பேரம் பேசக்கூடாது.

சைலன்சர் குழாய் வண்டிக்கு அடியிலேயே முடியக்கூடாது. பாடியின் ஓரத்தைத் தாண்டி ஒரு அங்குலமாவது வெளியே நீள வேண்டும். அதற்கு மேலே திறக்கிற ஜன்னலோ ஏ.சி. காற்று எடுக்கும் இடமோ இருக்கக்கூடாது. குழாய் ஒட்டும் இடங்களை ஜெனரேட்டரைப் போடும் ஒவ்வொரு முறையும் குனிந்து பார். கரி படிந்திருந்தால் அங்கே கசிகிறது.

எடையும் லேசில்லை, நாலு கிலோவாட் பெட்ரோல் ஜெனரேட்டரே எண்பது கிலோவைத் தொடும். தளத்துப் பலகையில் போல்ட் போட்டால் குண்டும் குழியுமான ரோட்டில் பிய்த்துக்கொள்ளும். சேஸிஸில் தாங்குகிற மாதிரி ஆங்கிள் அடித்து, ரப்பர் மவுண்டிங் வைத்து உட்கார வை. கேஸ் சிலிண்டரும் பேட்டரியும் அதே பெட்டிக்குள் வேண்டவே வேண்டாம். எரிபொருள் டியூப் சைலன்சருக்கு மேலே போகக்கூடாது. வண்டி டேங்கிலிருந்தே ஜெனரேட்டருக்கும் எடுப்பதாக இருந்தால், ஜெனரேட்டரின் உறிஞ்சு குழாய் டேங்கின் அடிவரை போகாமல் கால் டேங்க் உயரத்திலேயே நிற்கட்டும். எவ்வளவு நேரம் ஓடினாலும் பங்க் வரை போக உனக்கு மிச்சம் இருக்கும்.

வெளிக் கரண்டும் ஜெனரேட்டர் கரண்டும் ஒரே நேரத்தில் சேராதபடி சேஞ்ச்-ஓவர் ஸ்விட்ச் கட்டாயம். 30 மில்லிஆம்ப் ஆர்.சி.சி.பி.யும் போடச் சொல். எர்த் எங்கே சேர்கிறது என்று நீயே கேட்டுத் தெரிந்துகொள்.

ஊட்டிக்குத்தான் முதல் பயணம் என்றாய். அங்கே 2,240 மீட்டர் உயரத்தில் காற்று மெலிது. பெட்ரோல் ஜெனரேட்டரின் பலத்தில் ஏறக்குறைய கால் பங்கு போய்விடும். வாங்கும்போதே அதைக் கணக்கில் வை.

கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்று படுக்கையருகே இருந்தே ஆக வேண்டும். சமையலறை கேஸ் கசிவுக்கு வைக்கிற அலாரம் இந்த வாயுவைக் கண்டுபிடிக்காது, இரண்டும் வேறு வேறு. பின்பக்கம் காலாவதித் தேதி போட்டிருக்கும், அதையும் பார்த்து வாங்கு. அலாரம் இருக்கிறதே என்று ஜெனரேட்டரை ஓடவிட்டுத் தூங்கிவிடாதே. ராத்திரிக்கு பேட்டரியில் ஃபேன் போதும்.

வண்டிக்குள் இருக்கிற இரண்டு பேருக்குச் சேர்ந்தாற்போல் தலைவலி, குமட்டல், கிறுகிறுப்பு வந்தால் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று படுத்துவிடாதீர்கள். எல்லோரும் முதலில் வெளியே வாருங்கள், பிறகு ஜெனரேட்டரை நிறுத்து, ஆஸ்பத்திரிக்குப் போ. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் அப்போது 98 என்று காட்டினாலும் நம்பாதே; சாதாரண ஆக்சிமீட்டருக்கு இந்த வாயுவுக்கும் ஆக்சிஜனுக்கும் வித்தியாசம் தெரியாது. ஜெனரேட்டர் ஓடிய வண்டியில் இருந்தோம் என்று டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல், ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு அளவைப் பார்க்கச் சொல்லிக் கேள்.