ஐலாவ் மலையின் படிவயல்கள்

சீன நாட்டின் தென்மேற்கில் யுன்னான் என்னும் மாகாணம் உள்ளது. அங்கே ஐலாவ் மலைத்தொடரின் சரிவுகளில் ஹானி என்னும் மக்கள் வாழ்கின்றனர். அவர்கள் தொகை ஏறத்தாழ 17 இலட்சம். அப்பெருநாட்டில் அவர்கள் சிறுபான்மையினரே. மலை குறிஞ்சி என்றும் வயல் மருதம் என்றும் பிரித்துப் படித்த நாம் அங்குச் சென்றால் சற்றே திகைப்போம். அங்கு மலையே வயலாக இருக்கிறது. ஒன்றன்மேல் ஒன்றாக எழும் படிகளில் ஒவ்வொன்றும் ஒரு நெல்வயல். சில சரிவுகளில் இப்படிகள் 3,000 வரை உள்ளன. இவ்வுழவு 1,300 ஆண்டுப் பழமை உடையது என்பர். 2013ஆம் ஆண்டில் யுனெஸ்கோ இந்நிலப்பரப்பில் 16,603 எக்டரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

மாணவர்களே! இவ்வயல்களை ஊர்தியில் இருந்தபடியே கண்டு திரும்புவோர் பலர். வரப்பின்மேல் நடந்து, ஓர் ஊரில் இரவு தங்குவோர்க்கே இவற்றின் இயல்பு புலனாகும். நாமும் மனத்தால் நடப்போம்.

நவம்பர் முதல் ஏப்பிரல் வரை வயல்களில் பயிர் இராது. ஆயினும் நீர் நிறைந்திருக்கும். பயிரற்ற வயலுக்கு நீர் எதற்கு? மண்வரப்பு காய்ந்தால் வெடிக்கும். வெடித்த வரப்பு மழையில் சரியும். சரிந்த மேல்வயல் கீழ்வயலையும் இழுத்துக்கொண்டு போகும். ஆதலின் நீர் வற்றலாகாது. அந்நீரில் மீனும் வாத்தும் வளர்தல் மற்றோர் ஊதியம்.

வெப்பம் மிக்க ஆற்றங்கரையில் டாய் இனத்தாரின் ஊர்களைக் காண்கிறோம். மேலே ஏறினால் யீ இனத்தாரும் ஹானியரும் வாழும் நடுச்சரிவு. ஹானியர் ஊர்க்கு மேலே அடர்ந்த காடு. அதனுள் ஊர்த்தெய்வம் உறையும் சோலை. அச்சோலை மரத்தில் கோடரி படலாகாது. ஆற்றுப் பள்ளத்தில் எழும் ஆவி மூடுபனியாய் மேலேறி, காட்டில் குளிர்ந்து, சுனைகளாய் இறங்குகிறது. காடே அவர்களுக்கு ஏரி.

அந்நீரைப் பங்கிடும் முறை பெரிதும் வியத்தற்குரியது. வாய்க்கால் கிளைக்கும் இடத்தில் ஒரு மரக்கட்டையையோ கல்லையோ குறுக்கே கிடத்தியிருப்பர். அதில் வெவ்வேறு அகலமுள்ள பள்ளங்கள் செதுக்கப்பட்டிருக்கும். பள்ளத்தின் அகலமே பங்கின் அளவு. நம் ஏரிப்பாசனத்தில் நீர்க்கட்டி இருப்பதுபோல, அங்கும் வாய்க்கால் காப்போர் ஒருவரை ஊரார் தேர்ந்து, நெல்லையே கூலியாக அளப்பர். ஊர்க் குட்டையில் சேரும் சாணத்தையும் இந்நீரிலேயே கலக்கி விடுவர். தலைச்சுமை இன்றி எரு வயல்களுக்குச் சென்று சேரும்.

பொழுது சாயும் வேளையில் ஊரை அடைகிறோம். மண்சுவரும் உயர்ந்த வைக்கோற்கூரையும் உடைய வீடுகள் காளான்கள்போல் நிற்கின்றன. கீழே கால்நடை, நடுவே அடுப்பும் மாந்தரும், பரணில் தவசம். விருந்தினர்க்குச் செந்நெற்சோறும் வயல்மீனும் கிடைக்கும். இரவில் படுத்திருக்கும்போது படிதோறும் நீர் இறங்கும் ஓசை கேட்கும்.

ஆனால் அவ்வீடுகளில் இளைஞர் குறைவு. குறுகிய படிகளில் பெரிய இயந்திரம் ஏறாது. எருமையும் மண்வெட்டியுமே துணை. விளைவோ ஆண்டுக்கு ஒரு போகம். நகரக்கூலி அதனினும் மிகுதி ஆதலின் இளைஞர் வெளியேறுகின்றனர். ஒருவர் வயலைக் கைவிட்டால் அதன் கீழுள்ளவர் வயலுக்கும் கேடு. காண வருவோர் கொடுக்கும் பணமும் உழுவோர் கைக்கு எளிதில் வந்து சேர்வதில்லை.

அஜெக்கே என்னும் சிற்றூரில் 2018ஆம் ஆண்டில் இதற்கு ஒரு வழி கண்டனர். சுற்றுலா வருவாயில் நூற்றுக்கு 70 பங்கு ஊராருக்கு உரியது. அதனைப் பகுக்குங்கால், பழைய வீட்டைக் காப்போர்க்கு 40 விழுக்காடு, வயலைப் பேணுவோர்க்கு 30, ஊரிலேயே வாழ்வோர்க்கு 20, ஊர்ப்பதிவில் உள்ளோர்க்கு 10 என வகுத்தனர். வீட்டை வெளியார்க்கு விற்றலும் வாடகைக்கு விடுதலும் கூடா. வயலினும் வீட்டிற்கு மிகுதியாக அளித்தது ஏன் என்னும் ஐயம் எனக்கு உண்டு. கூரையைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வேய்ந்தால் போதும். வரப்பையோ நாள்தோறும் பார்த்தாக வேண்டும்.