புதிய கல்லீரலும் உடலின் காவலணுக்களும்

ஒரு திட்டத்தின் செலவை மதிப்பிடும்போது மூலதனச் செலவையும் தொடர் செலவையும் தனித்தனியே கணக்கிடுவது வழக்கம். அணை ஒன்றைக் கட்டி முடிப்பதோடு செலவு முடிந்துவிடுவதில்லை. பராமரிப்புச் செலவு ஆண்டுதோறும் தொடரும். கல்லீரல் மாற்று அறுவைக்கும் இது பொருந்தும். அறுவை ஒரு முறைச் செலவு. புதிய உறுப்பை உடல் தள்ளிவிடாமல் இருக்க உட்கொள்ளும் மருந்துகளோ வாழ்நாள் முழுதும் தொடரும் செலவு. இச்செலவு ஏன் எழுகிறது, இதனைக் குறைக்க அறிவியல் வழி காட்டுமா என்பதை அறிய, உடலின் தடுப்பாற்றல் அணுக்கள் செயற்படும் முறையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வரலாற்றுப் பின்னணி

மனிதருக்குக் கல்லீரல் மாற்றும் முயற்சியை 1963-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டென்வர் நகரில் டாக்டர் தாமஸ் ஸ்டார்சல் தொடங்கினார். முதல் நோயாளிகள் பிழைக்கவில்லை. 1967-இல்தான் அறுவைக்குப் பின் ஓராண்டுக்கு மேல் உயிர் வாழ்ந்த நோயாளியைக் காண முடிந்தது. நம் நாட்டில் முதல் வெற்றி 1998-ஆம் ஆண்டில் தில்லியில் கிட்டியது. தந்தையின் கல்லீரலில் ஒரு பகுதி குழந்தைக்குப் பொருத்தப்பட்டது. இத்தகைய அறுவைகளுக்குச் சட்ட அடிப்படையை 1994-ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் வகுத்தது. 2023-ஆம் ஆண்டில் இந்தியாவில் எல்லா உறுப்புகளையும் சேர்த்து 18,000-க்கு மேற்பட்ட மாற்று அறுவைகள் நடைபெற்றன.

உடல் ஏன் மறுக்கிறது?

நம் இரத்தத்திலுள்ள வெள்ளணுக்களில் டி அணுக்கள் என்பவை ஒரு வகை. தன்னுடையது எது, அயலானது எது என்று பிரித்தறிவது இவற்றின் பணி. ஒவ்வோர் அணுவின் மேற்பரப்பிலும் அதற்குரியவரை அடையாளம் காட்டும் புரதங்கள் உள்ளன. பிறர் உறுப்பின் புரதங்களைக் கண்டதும் டி அணுக்கள் பெருகி அதனைத் தாக்குகின்றன. நோய்க்கிருமிகளிடமிருந்து நம்மைக் காக்கும் அதே ஏற்பாடு, உயிர் காக்க வந்த உறுப்பையும் பகையாகக் கொள்கிறது.

இத்தாக்குதலைத் தடுக்கும் மருந்துகள் மண்ணில் வாழும் நுண்ணுயிர்களிலிருந்தே கிடைத்தன. நார்வே நாட்டு மண்ணிலிருந்து எடுத்த பூஞ்சையொன்று சைக்ளோஸ்போரினைத் தந்தது. ஜப்பானின் சுகூபா பகுதி மண்ணிலிருந்த நுண்ணுயிர் 1984-இல் டாக்ரோலிமஸைத் தந்தது. இவை வந்த பின்னரே கல்லீரல் மாற்று, சோதனை நிலையைக் கடந்து நடைமுறைச் சிகிச்சையாயிற்று. எனினும் இம்மருந்துகள் நீண்ட காலத்தில் சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடும். நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் சிலவகைப் புற்றுநோய்களும் தோன்றும் வாய்ப்பைக் கூட்டும். காசநோய் பரவலாக உள்ள நம் நாட்டில் தடுப்பாற்றல் குன்றுவது மேலும் ஓர் ஆபத்தாகும்.

கல்லீரலின் தனித்தன்மை

மாற்று உறுப்புகளுள் கல்லீரல் ஒரு விதிவிலக்கு. 1969-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் டாக்டர் ராய் கான் பன்றிகளுக்குக் கல்லீரலை மாற்றிப் பொருத்தினார். மருந்தின்றியே பல பன்றிகள் புதிய கல்லீரலை நெடுங்காலம் ஏற்றிருந்தன. அதே கொடையாளியின் தோலையும் சிறுநீரகத்தையும்கூட அவற்றின் உடல் எளிதில் தள்ளவில்லை. மனிதரிலும் சிறுநீரகத்துக்குப் பார்ப்பதுபோல் திசுப் பொருத்தத்தைக் கல்லீரலுக்குக் கண்டிப்பாகப் பார்ப்பதில்லை. இரத்த வகைப் பொருத்தமே முதன்மையானது.

இதன் காரணம் கல்லீரலின் அன்றாடப் பணியிலேயே அடங்கியுள்ளது. அதற்கு வரும் இரத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு குடலிலிருந்து வருகிறது. அதில் உணவுப் புரதங்களும் குடல் நுண்ணுயிர்களின் கழிவுகளும் கலந்திருக்கும். இவையெல்லாம் அயற்பொருள்களே. ஒவ்வொன்றுக்கும் போர் தொடுத்தால் கல்லீரல் நாள்தோறும் வீங்கி அழியும். ஆகவே பொறுத்துப்போகும் இயல்பு அங்கு வேரூன்றியுள்ளது. குப்ஃபர் அணுக்கள் எனப்படும் விழுங்கணுக்கள் வந்த பொருளை விழுங்கி, அழற்சியைத் தணிக்கும் சுரப்புகளையும் வெளியிடுகின்றன. கல்லீரலின் நுண்குழல்களை வேய்ந்துள்ள அணுக்களும் டி அணுக்களுக்கு முழுமையான தூண்டுதலைத் தருவதில்லை. அரைகுறைத் தூண்டுதல் பெற்ற டி அணுக்கள் சோர்கின்றன, அல்லது மடிகின்றன.

மற்றொரு காரணத்தை 1992-இல் ஸ்டார்சல் எடுத்துக்காட்டினார். மாற்றிய கல்லீரலோடு கொடையாளியின் வெள்ளணுக்களும் வந்து, பெற்றவர் உடலெங்கும் பரவிச் சிறு எண்ணிக்கையில் பல ஆண்டுகள் தங்குகின்றன. இரு தரப்பு அணுக்களும் ஒன்றையொன்று எதிர்கொண்டு, நாளடைவில் தணிந்துபோவதே ஏற்புக்கு வழி என்பது அவர் கருத்து.

அடக்கும் அணுக்கள்

தடுப்பாற்றலைத் தூண்டும் அணுக்கள் இருப்பதுபோல் அதனை அடக்கும் அணுக்களும் உண்டு. இக்கட்டுப்பாட்டு டி அணுக்களை 1995-இல் ஜப்பானிய அறிஞர் சிமோன் சகாகுச்சி இனங்கண்டார். இத்துறை ஆய்வுக்காக அவருக்கும் அமெரிக்க அறிஞர்கள் மேரி பிரன்கோ, பிரெட் ராம்ஸ்டெல் ஆகியோருக்கும் 2025-ஆம் ஆண்டு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இங்கே ஒரு முரண்பாட்டைக் கவனிக்க வேண்டும். கட்டுப்பாட்டு அணுக்கள் வாழ்வதற்கு இன்டர்லூக்கின்-2 என்னும் சுரப்பு தேவை. டாக்ரோலிமஸ் போன்ற மருந்துகள் அச்சுரப்பையே குறைக்கின்றன. தாக்கும் அணுக்களை ஒடுக்கும் மருந்து, உறுப்பைக் காக்கும் அணுக்களையும் வலுவிழக்கச் செய்கிறது. மருந்தின் அளவு கூடக்கூடப் பாதுகாப்பும் கூடும் என்று கருதிவிட முடியாது.

2012-இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், பெற்றோரிடமிருந்து கல்லீரல் பெற்ற 20 குழந்தைகளின் மருந்து படிப்படியாகக் குறைக்கப்பட்டது. 12 பேர் மருந்தின்றி நலமாயிருந்தனர். 2013-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில் 98 பேரில் 41 பேர் இந்நிலையை எட்டினர். 2016-இல் ஜப்பானிய மருத்துவர்கள் இன்னும் ஒரு படி சென்று, கட்டுப்பாட்டு அணுக்கள் மிகுந்த அணுக்கலவையை 10 நோயாளிகளுக்குச் செலுத்தியதைத் தெரிவித்தனர். அவர்களுள் 7 பேர் மருந்தை நிறுத்த முடிந்தது.

நமக்குரிய பாடம்

இவ்வெண்களைப் படிக்கும் நோயாளி எவரும் தாமாக மருந்தை நிறுத்திவிடக் கூடாது. ஆய்வுகளில் கலந்துகொண்டோர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். மருத்துவரின் இடைவிடாத கண்காணிப்பில் இருந்தவர்கள். அவர்களிலும் பலருக்கு மருந்தை மீண்டும் தொடங்க நேர்ந்தது. பணமின்மையால் மருந்தை விட்டவருக்கு நேரும் இழப்போ மிகப் பெரிது. உறுப்பும் போகும், அதனை ஈந்த தாய், தந்தை அல்லது உடன்பிறந்தாரின் தியாகமும் பயனற்றுப்போகும்.

தேசிய உறுப்பு மாற்றுத் திட்டத்தின் கீழ், அறுவைக்குப் பிந்தைய மருந்துகளுக்காக ஏழை நோயாளிகளுக்கு மாதம் 10,000 ரூபாய் வரை உதவி அளிக்க வகை செய்யப்பட்டுள்ளது. தகுதியுள்ள ஒவ்வொரு குடும்பமும் இதனை அறிந்திருத்தல் வேண்டும். மருந்தைக் குறைக்கத் தக்கவர் யார் என்பதை முன்கூட்டியே காட்டும் சோதனைகள் உறுதிப்படுமானால், நோயாளியின் சுமையும் அரசின் சுமையும் ஒருங்கே குறையும். தடுப்பாற்றல் ஆய்வுக்கு ஒதுக்கும் நிதியை வெறும் அறிவுத் தேட்டத்துக்கான செலவாகக் கொள்ளலாகாது. நாளைய தொடர் செலவைக் குறைக்கும் மூலதனமாகவே அதனைக் கொள்ள வேண்டும். அதுவரை, பொருத்திய உறுப்பைக் காக்கும் மருந்து ஒரு நாளும் தடைப்படாமல் நோயாளியின் கைக்குச் சேர்வதே நம் முதற் கடமையாகும்.