பழைய ஜீப்புக்கு எந்தப் பட்டை, எந்த ஷாக்?

ஜீப்பின் பின்பக்கம் தொங்கிவிட்டது என்று பட்டறைக்குப் போனால், முதலில் கிடைக்கும் யோசனை இதுதான்: "ஒரு பட்டை சேர்த்துப் போட்டுடலாம்ணே." செலவு குறைவு. மத்தியானத்துக்குள் வேலை முடிந்துவிடும். வண்டியும் நிமிர்ந்து நிற்கும். ஏம்பலம், நெட்டப்பாக்கம், பாகூர் பக்கத்து வயல்பாதைகளில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிற எம்எம் 540, மேஜர், ஜிப்சி வண்டிகளின் அடியில் குனிந்து பாருங்கள். இப்படிச் சேர்த்த பட்டை எத்தனையோ வண்டியில் இருக்கும். ஆளில்லாமல் போகும்போது மாட்டுவண்டி மாதிரி உலுக்கி எடுப்பதும் அந்த வண்டிகள்தான்.

என் கட்சி இது: பட்டையைச் சுமை பார்த்து வாங்க வேண்டும், ஷாக்கைப் பட்டை பார்த்து வாங்க வேண்டும். உயரத்தைப் பார்த்து இரண்டையும் வாங்கினால் காசுதான் போகும்.

எந்த வண்டிகளுக்கு இந்தக் கணக்கு? வில்லிஸ் ஜீப்பின் வழியில் வந்த மஹிந்திரா வண்டிகளுக்கும், 1985-இல் வந்த மாருதி ஜிப்சிக்கும் நான்கு சக்கரத்திலும் பட்டைதான். 2010-இல் வந்த தார் சிஆர்டிஇ-யில் முன்பக்கம் டார்ஷன் பார், பின்பக்கம் மட்டும் பட்டை. 2020-இல் வந்த புதுத் தாரில் பட்டையே கிடையாது. அதை வைத்திருப்பவர்கள் ஷாக் பகுதிக்குப் போய்விடலாம்.

கடைக்குக் கிளம்புமுன் வண்டியைச் சிமெண்ட் களத்தில் நிறுத்தி, டயர்களில் காற்றைச் சமமாக வைத்து, சக்கரத்தின் நடுவிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை நான்கு பக்கமும் டேப் பிடியுங்கள். இடம் வலம் அரை அங்குலத்துக்குள் வித்தியாசம் இருந்தால் பதற வேண்டாம். ஓட்டுகிறவர் மட்டுமே போய்வந்த வண்டியில் வலப்பக்கம் சற்றுத் தாழ்ந்திருப்பது வழக்கம். அதற்கு மேல் என்றால் டார்ச் எடுத்துக்கொண்டு கீழே படுக்க வேண்டியதுதான். பட்டையின் குறுக்கே மயிரிழை போல ஒரு செந்துரு கோடு தெரிந்தால் அது விரிசல். பம்ப் ஸ்டாப் ரப்பர் நைந்து பளபளத்தால், வண்டி பள்ளத்தில் விழும்போதெல்லாம் அச்சு அதில் போய் இடிக்கிறது என்று பொருள். சென்டர் போல்ட் அறுந்திருந்தால் அச்சு முன்னேயோ பின்னேயோ நகர்ந்து, வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். ஷாக்கிளை ஒரு கம்பியால் நெம்பிப் பாருங்கள். கண்ணுக்குள் புஷ் ஆடினால், பட்டையின் மேல் நீங்கள் போடும் பாதிப் பழி புஷ்ஷுக்குப் போக வேண்டியது.

பட்டை உண்மையிலேயே போய்விட்டது என்று தெரிந்த பிறகுதான் எதை வாங்குவது என்ற கேள்வி.

ஒரே ஒரு கீழ்ப்பட்டை உடைந்திருந்து, மற்றவை வளைவு குறையாமல் இருந்தால் அதை மட்டும் மாற்றலாம்; அதே அகலம், அதே தடிமன் வேண்டும். உடைந்தது மெயின் பட்டை என்றால் நான் ஒட்டுப்போட மாட்டேன். அதோடு சேர்ந்து அதே சுமையை அத்தனை வருஷம் தாங்கிய மற்றவையும் களைத்துத்தான் போயிருக்கும்.

வளைவு ஏற்றித் தருவதில் இரண்டு விதம் உண்டு. பட்டையைக் கழற்றி, சம்மட்டியால் பச்சையாகவே அடித்து வளைத்துத் தருவது ஒன்று. அன்றைக்கு நன்றாக நிற்கும், சீக்கிரமே பழையபடி படுக்கும். அடி விழுந்த தழும்பிலிருந்துதான் பின்னால் விரிசலும் தொடங்கும். இன்னொன்று முறையான வேலை: உலையில் சுமார் 850–900 டிகிரி வரை காய்ச்சி, வளைத்து, எண்ணெயில் முக்கி, மறுபடி 450 டிகிரிச் சுற்றில் சூடேற்றிப் பதம் எடுப்பது. லாரிப் பட்டறைகளில் இது தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். பட்டறையில் எண்ணெய்த் தொட்டி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அங்கே நடப்பது முதல் விதம்.

பட்டறையில் சொல்லிச் செய்து வாங்கும் புதுப் பட்டைக்கு ஒரு வசதி உண்டு, உங்கள் சுமைக்கேற்பக் கேட்கலாம். ஆனால் தடிமனில் கை வைக்கும் முன் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். பட்டையின் விறைப்பு அதன் தடிமனின் முப்படிக்கு ஏற்றபடி கூடும். ஆறு பட்டைக் கட்டில் அதே தடிமனில் ஏழாவதைச் சேர்த்தால் விறைப்பு ஆறில் ஒரு பங்கு அளவில்தான் ஏறும். அதே கட்டை 6 மில்லி பட்டைக்குப் பதில் 8 மில்லியில் செய்தால் விறைப்பு 2.37 மடங்காகிவிடும். "கொஞ்சம் கனமாப் போடுங்க" என்று கையால் காட்டுகிற அந்தக் கொஞ்சம்தான் வீட்டார் யாரும் ஏறப் பயப்படுகிற வண்டியாக்குகிறது. எஃகு 65எஸ்ஐ7 அல்லது சுப் 9 ரகமா என்று கேளுங்கள். பட்டை செய்கிற ஆளுக்கு இந்தப் பெயர்கள் தெரியாமல் இருக்காது.

வாகன நிறுவனத்தின் சொந்த ஸ்பேரோ, பெயர் பெற்ற பட்டைத் தொழிற்சாலையின் செட்டோ கிடைத்தால் என் முதல் ஓட்டு அதற்கே. காரணம் பெயர் அல்ல. தொழிற்சாலையில் பட்டையின் மேற்பரப்பில் சிறு எஃகு குண்டுகளை வேகமாக அடித்து இறுக்குவார்கள். லட்சக்கணக்கான முறை வளைந்து நிமிரும் பொருளுக்கு ஆயுள் கூடுவது அதனால்தான். பட்டறைப் பட்டையில் பெரும்பாலும் இது இருக்காது. மெயின் பட்டையின் கண்ணை இரண்டாவது பட்டை சுற்றிப் பிடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். மெயின் அறுந்தாலும் அச்சை விடாமல் பிடித்து வீடு வரை கொண்டுவந்து சேர்ப்பது அந்தச் சுற்றுதான்.

சென்னைப் புதுப்பேட்டையில் கழற்றி விற்கும் பழைய செட் மலிவு. அங்கே ஷாக்கிள் தகடு, பிராக்கெட் வாங்குங்கள். பட்டை வேண்டாம், எத்தனை வளைவு பார்த்த இரும்பு என்று வெளியே தெரியாது.

கடைசியாக, நடுவில் தடித்து ஓரத்தில் மெலியும் பாராபோலிக் பட்டையும், ஆஸ்திரேலியாவின் ஓல்டு மேன் இமு போன்ற வெளிநாட்டு செட்டுகளும். பாராபோலிக்கில் இரண்டு மூன்று பட்டைதான். ஒன்றோடொன்று உரசுவது குறைவு என்பதால் மெத்தென்று போகும். அதே காரணத்தால் ஷாக்குக்கு வேலை கூடும். பல பட்டைக் கட்டில் அந்த உரசலே பாதி ஷாக் வேலையைச் செய்துவிடுகிறது. பழைய ஜீப்பில் ஷாக் செத்து வருஷக்கணக்கானாலும் யாரும் கவனிக்காததன் ரகசியம் இதுதான். நெல் மூட்டை ஏற்றுகிற வண்டிக்கு இதெல்லாம் தேவையில்லை. ஏறக்குறைய ஒரு டன் எடையுள்ள ஜிப்சியை ஆளோடு மட்டும் ஓட்டுகிறவர், காசு இருந்தால் யோசிக்கலாம்.

இனி ஷாக். பட்டை பலமாக உள்ள ஜீப்பை பம்பரில் அழுத்தி விட்டுப் பார்க்கும் சோதனை பெரிதாக எதுவும் சொல்லாது. கழற்றி, நிமிர்த்திப் பிடித்து, கையால் இழுத்து அழுத்துங்கள். இழுக்கும்போதும் அழுத்தும்போதும் எதிர்ப்பு சீராக இருக்க வேண்டும். நடுவில் சட்டென்று வெறுமையாக நழுவினாலோ, உடம்பில் எண்ணெய் வழிந்து மண் ஒட்டியிருந்தாலோ, அதற்கு ஆயுள் முடிந்தது.

சாதாரண எண்ணெய் ஷாக், நைட்ரஜன் சேர்த்த இரட்டைக் குழாய் ஷாக், அதிக அழுத்தமுள்ள ஒற்றைக் குழாய் ஷாக் என்று மூன்று உண்டு. மேடுபள்ளத்தில் நெடுநேரம் வேகமாகப் போனால் முதல் வகையில் எண்ணெய் நுரைத்து, எதிர்ப்பு தளர்ந்துவிடும். நைட்ரஜன் அந்த நுரையைக் கட்டுப்படுத்துகிறது. மூன்றாவது சூட்டைச் சீக்கிரம் வெளியேற்றும். ஆனால் அதில் பிஸ்டன் வெளிக்குழாய்க்குள்ளேயே ஓடுவதால், கல் பட்டு நசுங்கினால் அதோடு சரி. வரப்போரமும் வாய்க்கால் கரையும் மட்டுமே பார்க்கிற வண்டிக்கு முதல் வகை போதும். வாரத்தில் பாதி நாள் விழுப்புரம், கடலூர் என்று நெடுஞ்சாலையில் ஓடினால் இரண்டாவது. மூன்றாவதை இந்த ஊர் வேலைக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். கேப்ரியல், மன்றோ போன்ற தெரிந்த பெயர்களிலேயே தேடுங்கள். பெயரைவிட அளவு முக்கியம். அச்சு முழுக்கத் தொங்கும்போதும், பம்ப் ஸ்டாப்பைத் தொடும்போதும் இரண்டு மவுண்டுகளுக்கு நடுவே உள்ள தூரத்தை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். ஷாக் முதல் அளவைவிட நீளமாக விரிய வேண்டும், இரண்டாவதைவிடக் குட்டையாக மடங்க வேண்டும். இல்லையென்றால் பட்டையின் வேலையை ஷாக்கின் கண் தாங்கி, மவுண்டோடு பிய்த்துக்கொண்டு வரும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்து, அடுத்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்தபோது இந்தப் பக்கம் தண்ணீருக்குள் போன வண்டிகள் கொஞ்சமல்ல. ஷாக் மூடிய பொருள், உள்ளே தண்ணீர் போகாது. கெடுவது அதன் கம்பி. ரப்பர் உறைக்குள் சேறு தங்கி, கம்பியில் துரு குழி விழுந்து, அது சீலை அறுக்கும். உறையில் தண்ணீர் வடிய ஓட்டை இல்லையென்றால் உறையே இல்லாமல் ஓட்டுவது மேல். பட்டைகளுக்கு நடுவே பழைய இன்ஜின் ஆயில் அடிக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அது புஷ் ரப்பரை ஊதவைக்கும். கிராஃபைட் கிரீஸ் போதும்.

வண்டியைத் தூக்கும் ஆசை பற்றி ஒரு வார்த்தை. பட்டை மாற்றி இரண்டு அங்குலம் ஏற்றினாலும் அச்சு நடுவில் தொங்கும் கிரவுன் ஓர் இழைகூட ஏறாது. டிராக்டர் தடத்தில் தட்டுவது அதுதான். அதை உயர்த்துவது பெரிய டயர் மட்டும். பாடி ஏறினால் பிரேக் ஹோஸ் இழுபடும், புரொபெல்லர் ஷாஃப்ட்டின் கோணம் கூடும், ஸ்டியரிங் குணமும் மாறும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவும், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பும், நிறுவனம் கொடுத்த அமைப்பை மாற்றுவதற்கு எதிரானவை. பதினைந்து வருஷம் தாண்டிய வண்டியின் ஆர்சி-யைப் புதுப்பிக்க ஆய்வுக்குக் கொண்டுபோகும்போது இது நினைவிருக்கட்டும்.

பொருத்தும்போது இடம் வலம் ஜோடியாகவே மாற்றுங்கள். புஷ் போல்ட்டை வண்டி தரையில் நின்று பாரம் இறங்கிய பிறகுதான் முழுசாக இறுக்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே கிடந்து சீக்கிரம் கிழியும். சில நாள் ஓட்டிய பிறகு யூ போல்ட்டை மறுபடி ஒரு இறுக்கு இறுக்கிவிடுங்கள்.

கையில் பணம் குறைவென்றால் வரிசை இது: முதலில் புஷ், ஷாக்கிள் பின், யூ போல்ட், அடுத்து நிறுவன உயரத்திலேயே பட்டை, மீதி இருந்தால் நைட்ரஜன் ஷாக், இல்லையென்றால் எண்ணெய் ஷாக். நீண்டு தளர்ந்த பழைய யூ போல்ட்டையே புதுப் பட்டைக்குப் போட்டுத் தருகிறேன் என்கிற கடையில் எதையும் வாங்காதீர்கள்.