சூரிய மின்சாரமும் பாட்டரியின் காவலும்

கதிரவனொளியினின்று மின்சாரம் பெறும் இல்லங்களில் கூரைமேலுள்ள பலகையையும் உள்ளேயுள்ள பாட்டரியையும் யாவரும் அறிவர். இடையே சுவரில் அமைந்த சிறு பெட்டியின் தொழிலை அறிந்தார் சிலரே. சார்ஜ் கண்ட்ரோலர் என வழங்கும் அக்கருவியின் இயல்பை ஈண்டு ஆராய்வோம்.

பாட்டரியைக் குளமெனக் கொள்வோமாயின், பலகை அதற்கு நீர் தரும் வாய்க்கால், இக்கருவி மதகு. நிரம்பியபின் மதகை அடையாவிடிற் கரை உடையும். அடிவரை இறைத்துவிடின் குளம் பாழாகும்.

12 வோல்ட் ஈயப் பாட்டரிக்கென அமைந்த 36 சில்லுகளுள்ள பலகை, சுமையின்றி நல்ல வெயிலில் ஏறத்தாழ 21 வோல்ட் காட்டும். நிரம்பிய பாட்டரியோ ஓய்வில் 12.7 வோல்ட் அளவினதே. இவற்றை நேரே பிணைத்துவிடின், நிரம்பியபின்னும் மின்னோட்டம் புகும்; திராவகத்திலுள்ள நீர் ஹைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் பிரிந்து வெளியேறும். நீர் குறையத் தகடுகள் கெடும். அடைத்த அறையில் ஹைட்ரஜன் தேங்கின், சிறு பொறியும் பெருவெடியாகும்.

ஆதலின் கருவி மூன்று படிகளாகத் தொழில் செய்கின்றது. முதற்கண் பலகை தருவதனைத்தையும் உள்ளே விடும். அழுத்தம் ஏறத்தாழ 14.4 வோல்ட்டை எட்டியதும், அதனை அங்கேயே நிறுத்தி, மின்னோட்டத்தைச் சிறிது சிறிதாகக் குறைக்கும். நிரம்பியபின் 13.6 வோல்ட் அளவிற் காத்து, தானே கசிந்து குறைவதை மட்டும் ஈடுசெய்யும். வெப்பம் மிகின் இவ்வெல்லைகள் தாழவேண்டும். நல்ல கருவிகள் வெப்பத்தை அளந்து தாமே திருத்திக்கொள்ளும்.

இரவிற் பாட்டரியினின்று பலகைக்கு மின்சாரம் திரும்பாது தடுப்பதும் இதன் கடனே. பாட்டரி 11.5 வோல்ட்டை அணுகுங்கால் விளக்குகளையும் துண்டித்துவிடும். படித்துக்கொண்டிருக்கும் மாணவர்க்கு அது வருத்தம் தரலாம். ஆயினும், வற்றிக் கிடக்கும் பாட்டரியின் தகடுகளில் ஈய ஸல்பேட் இறுகிவிடின், பின்னர் எத்துணை வெயிலும் அதனை முற்றும் மீட்காது.

இக்கருவிகள் இருவகைப்படும். முதல்வகை, மின்னோட்டத்தை விரைந்து விரைந்து திறந்தும் அடைத்தும் ஆளுவது. 18 வோல்ட்டில் 5.5 ஆம்பியர், அதாவது 99 வாட் தரவல்ல பலகையை இது பாட்டரியின் 12.5 வோல்ட்டிற்கு இழுத்துவிடுதலின், ஏறத்தாழ 69 வாட்டே கிட்டும். மற்றொன்று, பலகை மிகுதியாகத் தரும் நிலையைத் தேடியறிந்து, மிகை அழுத்தத்தை மின்னோட்டமாக மாற்றித் தருவது; ஆகவே சிறிதளவே இழப்பு உண்டு. விலை மட்டும் மிகுதி.

பொருத்துவோர் முதலிற் பாட்டரியையும் பின்னரே பலகையையும் கருவியோடு இணைத்தல் வேண்டும். கழற்றுங்கால் பலகையை முதலிற் கழற்றுக. வரவறிந்து ஏற்று, அளவறிந்து வழங்கும் இச்சிறு பெட்டி பழுதின்றி இயங்கும்வரை பாட்டரியும் நெடுநாள் உழைக்கும்.