டாக்டர் பட்டமும் ஆராய்ச்சிக் கூடமும்

கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் கடை நடத்தும் நம்மவர் பிள்ளைகளிலே, பட்டம் பெற்ற பின்னும் "இன்னும் நான்கு ஆண்டு ஆராய்ச்சி செய்யப் போகிறேன்" என்போர் இருக்கலாம். "நோயாளியைப் பார்க்காத இந்த டாக்டர் பட்டத்தால் யாருக்கு என்ன பயன்?" என்று தகப்பனார் கேட்பது இயல்பே. முதல் போடுகிறவர் வரவைக் கேட்கத்தான் செய்வார். இந்நாட்டில் நடந்த ஒரு நிகழ்ச்சியையே இதற்கு விடையாகக் கூறுவோம்.

1998-ஆம் ஆண்டின் பிற்பகுதியில், ஈப்போ வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தோருக்கு மூளைக் காய்ச்சல் கண்டது. பின்னர் அது நெகிரி செம்பிலானுக்கும் பரவியது. ஜப்பானிய மூளைக் காய்ச்சல் என்று கருதிக் கொசுவுக்குப் புகை அடித்தார்கள், தடுப்பூசியும் போட்டார்கள். நோய் நிற்கவில்லை. கொசுவுக்கு ஆள் பேதம் ஏது? ஆனால் இந்நோயோ பன்றிகளோடு பழகிய பெரியவர்களையே பெரும்பாலும் தாக்கியது. கணக்கு எங்கோ இடித்தது.

அந்நாளில் கோலாலம்பூர் மலாயாப் பல்கலைக்கழகத்தில் வைரஸ் கிருமியியலில் பயிற்சி பெற்றுவந்தவர் டாக்டர் சுவா காவ் பிங். நோயாளியிடமிருந்து எடுத்த மாதிரியிலிருந்து 1999 மார்ச்சில் அவர் ஒரு கிருமியைப் பிரித்து வளர்த்தார். அது ஜப்பானியக் காய்ச்சலின் கிருமி அன்று. அமெரிக்காவுக்குக் கொண்டுசென்று சோதித்தபோது, உலகம் அதுவரை அறியாத கிருமி என்று உறுதியாயிற்று. சுங்கை நிப்பா என்னும் கிராமத்தின் பெயரால் அதற்கு 'நிப்பா' என்று பெயரிட்டனர். ஏறத்தாழப் பத்து லட்சம் பன்றிகளை அழித்த பிறகே நோய் அடங்கியது. அதற்குள் 265 பேர் நோயுற்று, 105 பேர் உயிரிழந்தனர்.

மூலக்கூறு உயிரியல் என்பது இங்கேதான் கை கொடுத்தது. ஒவ்வோர் உயிருக்கும் ஒரு பேரேடு உண்டு. அது எப்படி வளர வேண்டும், எப்படிப் பெருக வேண்டும் என்பதெல்லாம் அதில் இரசாயன எழுத்துகளால் பதிவாகியிருக்கிறது. நிப்பாவின் ஏட்டில் ஏறத்தாழ 18,000 எழுத்துகள். அவற்றை வாசித்து ஒப்பிட்டபோது, 1994-இல் ஆஸ்திரேலியாவில் குதிரைகளைக் கொன்ற ஹெண்ட்ரா கிருமிக்கு நிப்பா நெருங்கிய உறவு என்று தெரிந்தது. ஹெண்ட்ரா பழந்தின்னி வௌவால்களிடம் குடியிருப்பது. எனவே இங்கும் அவற்றையே தேடினர். தியோமான் தீவின் வௌவால்களிடமிருந்து நிப்பாவைப் பிரித்தெடுத்தனர். உறவு தெரிந்ததால் இருப்பிடமும் தெரிந்தது.

டாக்டர் பட்டப் படிப்பு இத்தகைய வேலைக்கே ஆளைப் பழக்குகிறது. பாடத்தை ஒப்பிப்பதன்று அது. எவரும் விடை காணாத ஒரு கேள்வியை எடுத்து, ஆசிரியர் ஒருவரின் மேற்பார்வையில் மூன்று நான்கு ஆண்டுகள், சிலவேளை அதற்கும் மேலாக, சோதித்துப் பார்ப்பது. முடிவை ஆய்வேடாக எழுதித் தேர்வாளர் முன் நிலைநாட்ட வேண்டும். பல சோதனைகள் பொய்த்துப் போகும். அதுவும் கல்வியே.

இதற்காகக் கடல் கடந்துதான் போக வேண்டும் என்பதில்லை. மலாயாப் பல்கலைக்கழகம் இருக்கிறது. செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகம் இருக்கிறது. தேசியப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ மூலக்கூறு உயிரியல் கழகம் செராஸில் இருக்கிறது. 1900-இல் கோலாலம்பூரில் தோன்றிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் தொற்றுநோய்களை ஆராய்ந்து வருகிறது.

பிள்ளையைச் சேர்க்குமுன் தகப்பனார் மூன்று கேள்விகள் கேட்கட்டும். மேற்பார்வை செய்பவர் யார்? அவரிடம் முன்பு சேர்ந்தவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள்? சோதனைச் செலவுக்கும் மாணவரின் உதவித்தொகைக்கும் பணம் எங்கிருந்து வரும்? மூன்றுக்கும் தெளிவான விடை கிடைத்து, பிள்ளைக்கும் உண்மையான நாட்டம் இருக்குமானால், தடுக்காதீர்கள். கடைக்கு வேறோர் ஆளை அமர்த்திக்கொள்ளலாம். நோய் வாசலுக்கு வந்தபின் அதை அறியும் ஆளைத் தேடினால் கிடைக்கமாட்டார்; அவரை முன்னதாகவே உருவாக்கி வைத்திருக்க வேண்டும்.