இணையக் காவலுக்கு எந்தப் படிப்பு?

2018ஆம் ஆண்டு ஜூலை 20ஆம் நாள் வெளியான ஒரு செய்தி சிங்கப்பூர் மக்களை அதிர்ச்சியில் ஆழ்த்தியது. சிங்ஹெல்த் மருத்துவக் குழுமத்தின் தரவுத்தளத்திற்குள் இணையவழி ஊடுருவியவர்கள், ஏறத்தாழ 1.5 மில்லியன் நோயாளிகளின் பெயர், அடையாள அட்டை எண், முகவரி, பிறந்த தேதி ஆகியவற்றைத் திருடியிருந்தனர். அவர்களுள் ஏறத்தாழ 160,000 பேருக்கு வழங்கப்பட்ட மருந்துகளின் விவரங்களும் களவு போயின. அப்போதைய பிரதமர் திரு லீ சியன் லூங்கும் அவர்களுள் ஒருவர்.

என்ன நடந்தது என்பதை ஆராய, ஓய்வுபெற்ற தலைமை மாவட்ட நீதிபதி திரு ரிச்சர்ட் மேக்னஸ் தலைமையில் நால்வர் கொண்ட விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. அதன் அறிக்கை 2019 ஜனவரியில் வெளியானது. ஊடுருவியவர்கள் மிகுந்த திறன் படைத்தவர்கள் என்பதை அறிக்கை மறுக்கவில்லை. ஆனால், அவர்களுக்கு வழிவிட்ட காரணங்கள் மிகச் சாதாரணமானவை. ஒரு கணினியில் நிறுவப்பட வேண்டிய பாதுகாப்புத் திருத்தம் நிறுவப்படவில்லை. ஒரு நிர்வாகக் கணக்கின் கடவுச்சொல் எளிதில் ஊகிக்கக்கூடியதாக இருந்தது. ஏதோ தவறு நடக்கிறது என்பதற்கான அறிகுறிகளைச் சில ஊழியர்கள் கண்டபோதும், மேலிடத்திற்கு உரிய நேரத்தில் தகவல் சென்று சேரவில்லை.

இணையப் பாதுகாப்புத் துறையில் வேலை செய்ய விரும்பும் மாணவர்கள் இந்த நிகழ்வைக் கூர்ந்து கவனிப்பது நல்லது. திரைப்படங்களில் இத்துறை ஒரே மாதிரியாகத்தான் காட்டப்படுகிறது. இருட்டறையில் ஒருவர் தனியாக அமர்ந்து விசைப்பலகையை வேகமாகத் தட்டுவார். சில நொடிகளில் எல்லாம் முடிந்துவிடும். உண்மையில் நடந்தது வேறு. 2018 ஜூலை 4ஆம் தேதி, வழக்கத்திற்கு மாறான தேடல்கள் நடப்பதைத் தரவுத்தள நிர்வாகி ஒருவர் கவனித்ததால்தான் திருட்டு தடுத்து நிறுத்தப்பட்டது. அதன்பின் கணினிகளில் எஞ்சியிருந்த தடயங்களை வல்லுநர்கள் ஒவ்வொன்றாகத் திரட்டினர். விசாரணையில் சட்ட வல்லுநர்கள் சாட்சிகளைக் கேள்வி கேட்டனர். பாதிக்கப்பட்டவர்களுக்குக் குறுஞ்செய்தி வழியாகத் தகவல் தெரிவிக்க வேண்டியிருந்தது. அதைப் பதற்றம் ஏற்படுத்தாமலும் உண்மையை மறைக்காமலும் எழுத ஆள் தேவைப்பட்டது. இத்தனை பேரும் ஒரே பாடத்தைப் படித்துவிட்டு வந்தவர்களாக இருக்க முடியாது.

ஆகவே, “இணையப் பாதுகாப்புக்கு எந்தப் படிப்பு?” என்று கேட்பதற்கு முன், “அத்துறையில் எந்த வேலை?” என்று கேட்பது பயனளிக்கும்.

கணினி ஒன்று எப்படி இயங்குகிறது, இரண்டு கணினிகள் எப்படிப் பேசிக்கொள்கின்றன என்று தோண்டித் துருவிப் பார்க்கும் ஆர்வம் உள்ளவர்களுக்குக் கணினி அறிவியல் ஏற்றது. அது நேரடியாகப் பாதுகாப்பைப் பற்றிப் பேசாமல் நிரலாக்கம், இயங்குதளம், கட்டமைப்பு, தரவுத்தளம் என்று அடித்தளத்திலேயே நீண்ட நேரம் செலவிடும். சில மாணவர்களுக்கு இது சலிப்பூட்டலாம். ஆனால், பூட்டு எப்படிச் செய்யப்படுகிறது என்று அறியாதவர் அது எங்கே உடையும் என்று எப்படிக் கண்டறிவார்? இன்று பயன்படும் பாதுகாப்புக் கருவிகள் சில ஆண்டுகளில் மாறிவிடும். அடிப்படையை நன்கு கற்றவர் புதிய கருவியை விரைவில் பழகிக்கொள்வார். கருவியை மட்டும் கற்றவர் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

இதற்கு மாறாக, செய்து பார்த்துக் கற்க விரும்புபவர்கள் பலர். தெமாசெக், நீ ஆன் போன்ற பலதுறைத் தொழிற்கல்லூரிகளில் இணையப் பாதுகாப்பும் மின்னிலக்கத் தடயவியலும் ஒரே பட்டயப் படிப்பாகக் கற்பிக்கப்படுகின்றன. அழிக்கப்பட்ட கோப்பை மீட்பது, எந்தக் கணினியிலிருந்து எந்த நேரத்தில் யார் நுழைந்தார் என்று பதிவேடுகளைப் படித்துச் சொல்வது போன்றவை தடயவியலில் அடங்கும். பொறுமையே இங்கு முதல் தகுதி. தொழில்நுட்பக் கல்விக் கழகத்திலும் இத்துறைக்கான பயிற்சி உண்டு. அங்கிருந்து பலதுறைத் தொழிற்கல்லூரிக்கும், பின்னர் பல்கலைக்கழகத்திற்கும் செல்ல வழி இருக்கிறது.

கணிதத்தை விரும்பும் மாணவர்களுக்கு மறையாக்கம் காத்திருக்கிறது. செய்தியைப் பிறர் படிக்க முடியாதபடி மாற்றும் கலை அது. 61ஐயும் 53ஐயும் பெருக்கினால் 3,233 கிடைக்கும். உயர்நிலை மாணவர் ஒருவர் இதை அரை நிமிடத்தில் செய்துவிடுவார். ஆனால், 3,233 என்ற எண்ணை மட்டும் கொடுத்து, எந்த இரு பகா எண்களின் பெருக்கம் இது என்று கேட்டால் அவர் சற்றுத் தடுமாறுவார். அந்த எண் நூற்றுக்கணக்கான இலக்கங்களைக் கொண்டதாக இருந்தால் அதிவேகக் கணினிகளும் திணறும். ஒரு திசையில் எளிதாகவும் எதிர்த்திசையில் கடினமாகவும் இருக்கும் இந்தக் கணக்கை அடிப்படையாகக் கொண்டு, 1977ஆம் ஆண்டு ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் ஆகிய மூவரும் ஒரு மறையாக்க முறையை உருவாக்கினர. இணையத்தில் கடவுச்சொல்லும் வங்கி விவரமும் பாதுகாப்பாகப் பயணம் செய்ய அம்முறை பெரிதும் துணைபுரிந்திருக்கிறது. வகுப்பில் காரணிகளைக் கண்டுபிடிக்கும்போது, “இதெல்லாம் எங்கே பயன்படும்?” என்று முணுமுணுப்பவர்களுக்கு இதுவே பதில்.

கணினியும் கணிதமும் கைவராதவர்களுக்கு இத்துறையில் இடமில்லை என்று நினைப்பது சரியன்று. ஏமாற்று மின்னஞ்சல் கணினியை ஏமாற்றுவதில்லை. அவசரம், அச்சம், ஆசை ஆகியவற்றைத் தூண்டி மனிதரைத்தான் ஏமாற்றுகிறது. தவறான இணைப்பைச் சொடுக்கிய ஊழியர் அதை உடனே சொல்லாமல் மறைப்பது ஏன் என்ற கேள்வியும் தொழில்நுட்பம் சார்ந்ததன்று. இவற்றுக்கு உளவியல் படித்தவர்கள் விடை தேடுகின்றனர். தனிப்பட்ட விவரங்களைப் பாதுகாக்கத் தவறும் நிறுவனத்தின் பொறுப்பு என்ன என்பதைச் சட்டம் படித்தவர்கள் ஆராய்கின்றனர். ஆங்கிலம் அதிகம் அறியாத மூத்தோருக்கு மோசடிக் குறுஞ்செய்தியை அடையாளம் காணத் தமிழில் சொல்லித்தர வேண்டுமானால், தொழில்நுட்பமும் தமிழும் ஒருசேரத் தெரிந்தவர் தேவை. அத்தகையோர் எளிதில் கிடைப்பதில்லை.

எனினும், எந்த வழியில் வந்தாலும் கணினிக் கட்டமைப்பைப் பற்றிய அடிப்படை அறிவு இல்லாமல் இத்துறையில் நீண்டகாலம் நிலைத்திருப்பது கடினம். சட்டம் படித்தவரும் ஒரு தாக்குதல் அறிக்கையைப் புரிந்துகொள்ளும் அளவுக்காவது கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும்.

உயர்நிலை இரண்டின் முடிவில் பாடங்களைத் தேர்ந்தெடுக்கும் மாணவர்கள், கணினிப் பாடம் கிடைக்கவில்லை என்றால் கதவு மூடிவிட்டதாக வருந்துவதுண்டு. எல்லாப் பள்ளிகளிலும் அப்பாடம் கற்பிக்கப்படுவதில்லை. கணிதமும் ஆங்கிலமும் வலுவாக இருந்தால், நிரலாக்கத்தைப் பின்னர் கற்றுக்கொள்ளலாம். இடைப்பட்ட காலத்தில், உயர்நிலை மாணவர்களுக்கென நடத்தப்படும் இணையப் பாதுகாப்பு முகாம்களிலும் “கொடியைக் கைப்பற்று” போட்டிகளிலும் பங்கேற்கலாம். இப்போட்டிகளில், வேண்டுமென்றே ஓட்டைகளுடன் உருவாக்கப்பட்ட கணினி அமைப்பில் ஒளிந்திருக்கும் விடையைக் குழுவாகத் தேடுவார்கள்.

அத்தகைய பயிற்சிக் களத்திற்கு வெளியே திறமையைக் காட்ட முயல்வது ஆபத்தானது. நண்பரின் கணக்கிலோ பள்ளியின் கணினி அமைப்பிலோ அனுமதியின்றி நுழைவது, “சோதித்துத்தான் பார்த்தேன்” என்று சொன்னாலும், கணினித் தவறான பயன்பாட்டுச் சட்டத்தின்கீழ் குற்றமாகும். சிங்கப்பூரில் இச்சட்டம் 1993ஆம் ஆண்டு முதல் நடப்பில் உள்ளது. பாதுகாப்புத் துறையில் ஆளெடுப்பவர்கள் நேர்மையைத் திறமைக்கு முன்பாகவே எடைபோடுவார்கள். பிறரது தரவுத்தளத்தின் சாவியை அவர்கள் ஒப்படைக்கப்போவது அந்த ஊழியரிடம்தானே.

கல்லூரிகளின் பொது வரவேற்பு நாளுக்குச் செல்லும் மாணவர்கள், படிப்பின் பெயரைப் பார்த்ததும் விண்ணப்பத்தை நிரப்பத் தொடங்கிவிடக்கூடாது. முதலாம் ஆண்டில் என்னென்ன பாடங்கள், ஆய்வுக்கூடத்தில் எவ்வளவு நேரம், வேலைப் பயிற்சி எத்தனை மாதம் என்று கேட்டறிய வேண்டும். அங்கு நிற்கும் மூத்த மாணவர்களிடம், “உங்களுக்கு மிகவும் சலிப்பூட்டிய பாடம் எது?” என்றும் ஒரு கேள்வி கேட்கலாம். அந்தப் பாடத்தை மூன்றாண்டுகள் சகித்துக்கொள்ள முடியுமா என்பதை அவர்களின் பதிலைக் கொண்டு ஓரளவு முடிவு செய்துவிடலாம்.